சொந்த ஊரில் ஒண்டுக்குடித்தனம்

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது வெங்கடேஸ்வரா கோயில். 1970களிலேயே அமெரிக்க மண்ணில் எழும்பிய கோயில் அது. மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஆறு மாதம் போய்வருகிற அப்பா அம்மாக்களின் பயணத் திட்டத்தில் நயாகராவுக்குப் பக்கத்திலேயே இந்த ஊரும் இருக்கும். எஞ்சினீயரிங் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால், அந்த ஊர்க்காரர்களுக்குச் சாமி வேறு. அதன் பெயர் ஸ்டீலர்ஸ்.

ஃபுட்பால் டீம். நாம் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட் போட்ட மலை மலையான ஆசாமிகள் மோதிப் புரள்வார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். சீசன் டிக்கெட் கேட்டு எழுதிப் போட்டால் வருடக் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே மஞ்சள் துண்டும் கையுமாகத் திரியும்.

இப்போது ஒரு நாள் முன்னால் வாருங்கள். அதே ஸ்டேடியம், அதே 68,000 சொச்சம் இருக்கைகள், சனிக்கிழமை. ஆடுவது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அணி. ‘பிட் பேந்தர்ஸ்’ என்பார்கள். இருக்கைகளுக்கு மஞ்சள் நிறம். ஆள் உட்கார்ந்தால் மஞ்சள் மறைந்துவிடும். ஆனால், பல சனிக்கிழமைகளில் டி.வி. கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் பளிச்சென்று தெரிகிறது. ஈயடிக்கிறது என்று சொல்லவில்லை. பல்லாயிரம் பேர் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கொப்பரையில் அவர்கள் அரைக்கொப்பரைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

‘காலேஜ் பசங்க ஆட்டத்துக்கு அவ்வளவு பேர் வர்றதே பெரிசு இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே கல்லூரி ஃபுட்பால் ஒரு தனி மதம். பிட்ஸ்பர்க்கில் இருந்து மூன்று மணி நேரம் காரில் போனால் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். சின்ன ஊர். அங்கே இருக்கிற பீவர் ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். உட்காரவும் செய்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் பெரிய லீக்கில் ஆடுகிற தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. அங்கே சனிக்கிழமைதான் திருவிழா.

அப்படியானால் பிட்ஸ்பர்க்கில் மட்டும் ஏன் ஒட்டவில்லை? ஃபுட்பால் பிடிக்காத ஊர் இல்லை. சொல்லப்போனால் ஃபுட்பால் பைத்தியம் பிடித்த ஊர். பல்கலைக்கழகமோ ஊருக்கு நடுவில், ஊர்ப் பெயரோடு இருக்கிறது. பிறகு என்ன கோளாறு?

*

வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. ‘பெரிய அணி இருக்கிற ஊரில் சின்ன அணி எடுபடாது. மனுஷன்கிட்ட இருக்கிறது ஒரு பர்ஸ், ஒரு வார இறுதி.’ கேட்க நியாயமாக இருக்கிறது. வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது.

1920களிலும் 30களிலும் பிட்ஸ்பர்க்கில் பெரிய அணி எது தெரியுமா? பல்கலைக்கழக அணிதான். ஜாக் சதர்லேண்ட் என்ற பயிற்சியாளர் 1924ல் பொறுப்பேற்று 15 சீசன்கள் நடத்தினார். அந்தக் காலத்தின் உச்சகட்ட ஆட்டமான ரோஸ் பவுலுக்கு நான்கு தடவை அணியைக் கூட்டிப்போனார். 1925ல் ஓக்லேண்ட் பகுதியில், வகுப்பறைகளில் இருந்து நடந்து போகிற தூரத்தில், பல்கலைக்கழகம் சொந்தமாக ஒரு ஸ்டேடியம் கட்டிக்கொண்டது. பெயர் பிட் ஸ்டேடியம்.

ஸ்டீலர்ஸ் பிறந்ததே 1933ல். பிறந்த பிறகும் சவலைப் பிள்ளைதான். முதல் 39 வருடங்களில் பிளேஆஃப் ஆட்டம் என்று அவர்கள் பார்த்தது ஒன்றே ஒன்று, 1947ல். அதிலும் தோல்வி. அந்த ஒரு தடவையும் கூட்டிப்போன பயிற்சியாளர் யார் என்கிறீர்கள்? பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த அதே சதர்லேண்ட்.

இன்னொரு வேடிக்கை. ஸ்டீலர்ஸுக்குச் சொந்த மைதானம் கிடையாது. 1958ல் இருந்து சில ஆட்டங்களையும், 1964ல் இருந்து 1969 வரை உள்ளூர் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பிட் ஸ்டேடியத்தில்தான் ஆடினார்கள். அதாவது, பல்கலைக்கழகம் வீட்டுக்காரர், ஸ்டீலர்ஸ் குடித்தனக்காரர்.

இன்றைக்கு எல்லாம் தலைகீழ். ஆக, ‘பெரியது இருந்தால் சின்னது எடுபடாது’ என்பது பதில் இல்லை. பெரியது எப்படிச் சின்னதாச்சு என்பதுதான் கேள்வி.

*

ஒரு பாதி பதில் ஸ்டீலர்ஸ் பக்கம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

1972 டிசம்பரில் ஸ்டீலர்ஸ் முதல் தடவையாக ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை ஜெயித்தது. அதன்பிறகு அடைமழை. 1974, 75, 78, 79 சீசன்களில் நான்கு சூப்பர் பவுல். சரியாக அதே நேரத்தில் ஊரின் வயிற்றில் அடி விழுந்தது. பிட்ஸ்பர்க் என்றால் இரும்பு. அந்த இரும்பாலைகள் 70களின் கடைசியில் தள்ளாட ஆரம்பித்து, 80களில் வரிசையாக மூடின. புகழ்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986ல் மூடப்பட்டது. 1950ல் 6.76 லட்சம் பேர் இருந்த நகரம், 2020 கணக்கெடுப்பில் 3.03 லட்சம். பாதிக்கும் கீழே.

வேலை போனவர்கள் ஃப்ளோரிடாவுக்கும் டெக்ஸாஸுக்கும் பிழைக்கப் போனார்கள். போகும்போது ஆலையையா தூக்கிக்கொண்டு போக முடியும்? ஸ்டீலர்ஸைக் கொண்டுபோனார்கள். பெயரிலேயே இரும்பு. ஹெல்மெட்டில் இருக்கிற சின்னம்கூட இரும்புத் தொழிலுக்கென்று இருந்த முத்திரைதான், 1962ல் வந்தது. மூடிப்போன ஆலையின் அடையாள அட்டையாக அந்த அணி ஆகிவிட்டது. இன்றைக்கும் அமெரிக்காவில் எந்த ஊரில் ஸ்டீலர்ஸ் ஆடினாலும் கேலரியில் மஞ்சள் துண்டு சுற்றுகிறது என்றால் காரணம் அதுதான்.

அந்த ஊரின் பேஸ்பால் அணி, ஐஸ் ஹாக்கி அணி, ஸ்டீலர்ஸ் மூன்றும் ஒரே கறுப்பு மஞ்சள். ஊர்க்கொடியின் நிறம். ஹாக்கி அணியான பெங்குவின்ஸ் முதலில் நீலத்தில்தான் இருந்தது. 1980ல் சமர்த்தாக மாறிக்கொண்டது. பல்கலைக்கழகம் மட்டும் நீலமும் மஞ்சளும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். இன்றைக்கு அந்த ஊருக்குச் சோறு போடுவது யார்? இரும்பு இல்லை. பல்கலைக்கழகமும் அதைச் சார்ந்த யு.பி.எம்.சி. ஆஸ்பத்திரிகளும்தான். யு.எஸ். ஸ்டீல் கம்பெனி கட்டிய 64 மாடிக் கட்டடத்தின் நெற்றியில் 2008ல் இருந்து ஒளிர்வது அந்த ஆஸ்பத்திரியின் பெயர். சோறு போடுகிறவன் ஒருத்தன், நெஞ்சில் இருப்பவன் இன்னொருத்தன். குடும்பங்களில் நாம் பார்க்காததா?

ஆனால், இதை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் பல்கலைக்கழகம் தப்பித்துவிடும். ‘ஊர் பழசிலேயே ஊறிக்கிடக்கு, நாங்க என்ன செய்ய?’ என்று கையை விரித்துவிடும். அதற்கு விடக் கூடாது. ஏனென்றால், இந்த அணியை ஊரிடமிருந்து பிரித்ததில் பெரிய பங்கு பல்கலைக்கழகத்துடையது.

*

முதல் வெட்டு 1930களின் கடைசியில். 1937ல் தோல்வியே காணாத அணி. உச்சாணிக் கொம்பு. அப்போது சான்சலராக இருந்த ஜான் பௌமனுக்கு ‘ஃபுட்பால் படிப்பை விழுங்குகிறதே’ என்ற கவலை. ஆட்டக்காரர்களுக்கான சலுகைகளில் கத்திரி விழுந்தது. சதர்லேண்ட் 1939ல் ராஜினாமா செய்தார். அடுத்த பல வருடங்களுக்கு அணி எழுந்திருக்கவில்லை. கவலை நியாயமானதாகவே இருக்கட்டும். ஊருக்கு அது எப்படிப்பட்டிருக்கும்? நாம் கொண்டாடுவதைப் பார்த்து இவர்கள் வெட்கப்படுகிறார்கள் என்றுதானே?

70களில் இரண்டாவது வாய்ப்பு வந்தது. அருமையான வாய்ப்பு. 1976ல் ஆடிய 12 ஆட்டமும் வெற்றி, தேசிய சாம்பியன். டோனி டோர்செட் என்ற உள்ளூர்ப் பக்கத்துப் பையனுக்கு அந்த வருடத்தின் ஹைஸ்மன் கோப்பை. 1979, 80, 81 மூன்று வருடமும் 11 வெற்றி, ஒரு தோல்வி. பந்து எறிந்தவர் டேன் மரீனோ. பல்கலைக்கழகம் இருக்கிற ஓக்லேண்டிலேயே வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்லூரி படித்தவர். இதைவிட ஊர்ப்பிள்ளை வேண்டுமா?

விதியைப் பாருங்கள். டோர்செட்டை டல்லாஸ் அணி எடுத்துக்கொண்டது. 1979 ஜனவரி சூப்பர் பவுலில் ஸ்டீலர்ஸுக்கு எதிரே நின்றது அதே டல்லாஸ். பிட்ஸ்பர்க் யாருக்குக் கைதட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை. 1983ல் மரீனோவை எடுக்கும் வாய்ப்பு ஸ்டீலர்ஸ் கைக்கு வந்தது. வேறொருவரை எடுத்தார்கள். மியாமிக்குப் போன மரீனோ, 1985 ஜனவரியில் ஸ்டீலர்ஸை 45க்கு 28 என்று வீட்டுக்கு அனுப்பினார். சனிக்கிழமை நம்ம பையனாக இருந்தவன், ஞாயிற்றுக்கிழமை எதிரி. தொழில்முறை அணி இருக்கிற ஊரில் கல்லூரி நாயகனின் ஆயுள் நான்கு வருடம்தான். சின்ன ஊர்களில் அவன் போன பிறகும் அவன் கதை மிஞ்சும். இங்கே அடுத்த நாளே வேறு கதை ஆரம்பித்துவிடும்.

*

அடுத்து வந்ததுதான் பெரிய வெட்டு. 1999.

பிட் ஸ்டேடியத்துக்கு அப்போது 74 வயது. சிமெண்ட் உதிர்கிறது, வசதி இல்லை, பார்க்கிங் இல்லை. சரிசெய்யப் பெரும் பணம் வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரசுப் பணத்தின் துணையோடு ஸ்டீலர்ஸுக்குப் புதிய ஸ்டேடியம் எழும்பப் போகிறது. அங்கே போய் ஆடிக்கொள்ளலாம். பழையதை இடித்துவிட்டு அந்த இடத்தில் பேஸ்கட்பால் அரங்கம் கட்டலாம். பல்கலைக்கழகம் இப்படி முடிவெடுத்தது. நவம்பர் 13ம் தேதி கடைசி ஆட்டம். நோட்ரடாம் அணியை 37க்கு 27 என்று ஜெயித்தார்கள். ஜனம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. பிறகு இடித்தார்கள்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் கிடையாது. பழைய கட்டடத்தின் பராமரிப்புச் செலவு மிச்சம். புது ஸ்டேடியம் கட்டும் செலவு இல்லை. ஸ்டீலர்ஸுடன் ஒரே இடத்தில் பயிற்சி வசதி. ‘பெரிய லீக்கில் ஆடப்போகிறவர்களின் பக்கத்திலேயே பயிற்சி’ என்று பையன்களை இழுக்கவும் செய்யலாம். ஆடிட்டர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்.

ஆனால், எங்கள் பாடப்புத்தகத்திலேயே ‘குட்வில்’ என்று ஒரு அயிட்டம் உண்டு. கண்ணால் பார்க்க முடியாத சொத்து. கடையை வேறு தெருவுக்கு மாற்றினால் எவ்வளவு குறையும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. குறைந்த பிறகுதான் தெரியும்.

ஹாஸ்டலில் இருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போன மாணவன், இப்போது பஸ் பிடித்து, ஆற்றைத் தாண்டி, அரை நாளை ஒதுக்கிப் போக வேண்டும். முதல் பாதியில் 20 புள்ளி பின்தங்கினால் இரண்டாம் பாதிக்கு எதற்கு உட்காருவான்? ஓக்லேண்டில் பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கோபுரம் ஒன்று இருக்கிறது. 1920களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து சென்ட் கொடுத்ததும் அதன் கட்டட நிதியில் சேர்ந்திருக்கிறது. அணி ஜெயித்தால் கோபுர உச்சியில் விளக்கு எரியும். விளக்கு இங்கே எரிகிறது, ஜெயித்த இடமோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

போன இடமாவது நம் இடமாகத் தெரிகிறதா? அதுவும் இல்லை. இருக்கைகள் ஸ்டீலர்ஸின் மஞ்சள். சுற்றிலும் ஸ்டீலர்ஸின் கோப்பைகள், ஸ்டீலர்ஸின் ஞாபகங்கள். 2001ல் திறந்தபோது ஊர் கெச்சப் கம்பெனியின் பெயரில் ஹெயின்ஸ் ஃபீல்டு. 2022ல் இருந்து வெளியூர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரில் அக்ரிஷர் ஸ்டேடியம். பழைய வீட்டுக்காரர், பழைய குடித்தனக்காரரின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் வந்துவிட்டார். ஒண்டுக்குடித்தனத்தில் கல்யாணம் நடத்தலாம், காட்சி நடத்தலாம். பந்தக்கால் மட்டும் நம் வாசலில் நட்ட மாதிரி இருக்காது.

*

வீட்டை விற்றதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையையும் விற்றார்கள்.

கல்லூரி ஃபுட்பாலின் உயிர்நாடியே சண்டைதான். பிட்ஸ்பர்க்குக்கு இரண்டு ஜென்மப் பகை. ஒன்று, பென் ஸ்டேட். இன்னொன்று, தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற மேற்கு வர்ஜீனியா. இந்த இரண்டாவது ஆட்டத்துக்கு ‘கொல்லைப்புறச் சண்டை’ என்றே பெயர், 1895ல் ஆரம்பித்தது. கல்யாண வீட்டில்கூட மைத்துனனை வம்பிழுக்கிற அளவுக்கு ஊறிப்போன பகை.

பிறகு டி.வி. ஒப்பந்தக் காலம் வந்தது. பணம் அதிகம் தருகிற கூட்டமைப்புக்கு ஆளாளுக்குத் தாவினார்கள். பென் ஸ்டேட் மேற்கே சாய்ந்தது. மேற்கு வர்ஜீனியா இன்னொரு பக்கம் போனது. பிட் 2013ல் அட்லான்டிக் கடலோரக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அந்தக் கூட்டமைப்பில் 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் இருக்கின்றன. அவை அட்லான்டிக் கடலோரத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று வரைபடத்தில் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்!

கொல்லைப்புறச் சண்டை 2011க்குப் பிறகு பத்து வருடம் நடக்கவே இல்லை. 2022 செப்டம்பர் 1ம் தேதி திரும்ப நடத்தினார்கள். அதே ‘ஒட்டாத’ ஊர், அதே ஆற்றங்கரை ஸ்டேடியம். வந்தவர்கள் 70,622 பேர். பிட்ஸ்பர்க்கில் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. ஸ்டீலர்ஸுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதில் எதிராளி ஊர்க்காரர்கள் நிறைய என்பது உண்மை. இருக்கட்டுமே! சண்டைக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டாமா?

பேஸ்கட்பால் சொல்வதும் இதைத்தான். இடித்த இடத்தில் கட்டிய பீட்டர்சன் அரங்கம் 2002ல் திறந்தது. சுமார் 12,500 இருக்கை. ஹாஸ்டலில் இருந்து நடந்து போகலாம். அணி தொடர்ந்து பத்து வருடம் தேசியப் போட்டிக்குப் போனது. அரங்கம் அதிர்ந்தது. அந்த ஊரில் தொழில்முறை பேஸ்கட்பால் அணி இல்லை என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. 2018ல் கூட்டமைப்பில் 18க்கு 18 ஆட்டமும் தோற்றபோது கூட்டமும் காணாமல் போனது; ஜெயிப்பதும் முக்கியம்தான். ஆனாலும், ஊருக்குப் பல்கலைக்கழகத்தின் மேல் தீராத அலட்சியம் என்றால் அந்தப் பத்து வருடம் எப்படி வந்தது? வீடு இருந்தது, எதிராளி இருந்தான், வெற்றி இருந்தது. ஜனம் வந்தது.

வெற்றி மட்டும் போதுமா என்றால், 2021ஐப் பாருங்கள். பேந்தர்ஸ் 11 ஆட்டம் ஜெயித்துக் கூட்டமைப்பின் சாம்பியன் ஆனது. நாயகன் கென்னி பிக்கெட். அடுத்த வருடம் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது ஸ்டீலர்ஸ். மரீனோ விஷயத்தில் செய்த பிழைக்குப் பரிகாரம் மாதிரி. இரண்டு சீசன். 2024ல் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரி அணியின் மேல் ஊருக்கு வந்த திடீர்ப் பாசமும் பழையபடி ஆச்சு.

*

‘அவங்க ஊர்ப் பிரச்னை, நமக்கென்ன சார்?’ என்று நீங்கள் பக்கத்தைத் திருப்புவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூலையில் இருந்து அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். பையன்களின் உழைப்பில் எல்லாரும் சம்பாதித்தபோது அவர்கள் மட்டும் வெறுங்கையோடு நின்றார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஆனால், வருடா வருடம் ஆட்டக்காரர்கள் காலேஜ் மாறுகிறார்கள், எதிராளி மாறுகிறான், ஸ்டேடியத்தின் பெயர் மாறுகிறது. மாறாமல் இருக்கக்கூடியது இடமும் பகையும் மட்டும்தான். அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது இரண்டாந்தரத் தொழில்முறை அணி. முதல்தரமே மறுநாள் அதே மைதானத்தில் ஆடும்போது இரண்டாந்தரத்துக்கு யார் வருவார்கள்?

ஓக்லேண்டில் மறுபடி ஒரு பெரிய ஸ்டேடியம் கட்ட இன்றைக்கு இடம் எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சிக்கூடமும் நெருக்கியடித்து நிற்கின்றன. இடித்தது இடித்ததுதான். சண்டையையாவது மீட்கலாம். கொல்லைப்புறச் சண்டை 2025ல் ஒரு சுற்று முடிந்து 2029 வரை இடைவெளி. பென் ஸ்டேட்டோடு மோதி 2019க்குப் பிறகு ஆறு சீசன் ஓடிவிட்டது. மூன்று மணி நேரத்தில் இருக்கிறவனோடு ஆட நேரம் இல்லை, மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி இருக்கிறவனோடு ஆட நேரம் இருக்கிறது என்றால் ஊர்க்காரன் என்ன நினைப்பான்?

‘இந்த ஊருக்கு நம்மைப் பிடிக்கவில்லை’ என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் அபிமானிகள் புலம்புவது வழக்கம். ஊரைக் குறை சொல்வது சுலபம். 39 வருடம் தோற்ற அணியைத் தாங்கிப் பிடித்த ஊர் அது. ஆலை மூடிய பிறகும் ஆலையின் பெயரைத் துண்டில் முடிந்து வைத்திருக்கிற ஊர் அது. அதற்குப் பாசம் வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பாசம் வைக்க ஒரு முகவரி வேண்டும். அதைத்தான் 1999ல் இடித்தார்கள்.